நெற்றிச் சுருக்க ஊசி: குறுவையா, சம்பாவா?

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். பல வருஷமாக என்னிடம் தைராய்டு மாத்திரை வாங்கும் வலங்கைமான் அக்கா ஒருவர், மாத்திரையைப் பையில் போட்ட பிறகும் கிளம்பாமல் நின்றார். கடையில் கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, நெத்தியில போடுறாங்களே ஒரு ஊசி, அது எத்தனை நாளைக்கு நிக்கும்? தையில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு.”

கும்பகோணத்தில் மருந்துக் கடை நடத்தும் எனக்குப் போடாக்ஸ் ஊசி பற்றிய இந்தக் கேள்வி புதிது இல்லை. முன்பு சென்னையிலிருந்து லீவுக்கு வரும் பெண்கள்தான் கேட்பார்கள். இப்போது மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். “மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு மாசம்” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். பதில் சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அக்காவால் எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் முகத்தில் இருப்பது எந்த மாதிரிக் கோடு, அது எந்தத் தேதிக்கு மறைய வேண்டும் என்பது தெரிந்தால்தான் இந்த நாள் கணக்குக்கு அர்த்தம்.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். “முகத்தைச் சுளிங்கக்கா.” இரண்டு புருவத்துக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடு விழுந்தது. “இப்ப விடுங்க.” ஒன்று மறைந்துவிட்டது. இன்னொன்று பென்சிலால் கீறினாற்போல லேசாக நின்றது. பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். சுளிக்கும்போது மட்டும் விழும் கோடு தசையின் வேலை. ஊசிக்கு நன்றாகக் கேட்கும். சும்மா இருக்கும்போதும் நிற்கிற கோடு தோலிலேயே பதிந்துவிட்டது; ஊசி அதை மங்கவைக்கும், முழுசாக அழிக்காது. “காசைக் கொடுத்துப் போட்டும் போகல” என்று குறைப்பட்டு வருபவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாவது ரகம். மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். அவர்கள் எதிர்பார்த்தது வேறு வேலை.

ஊசியில் இருப்பது போட்டுலினம் என்ற நச்சு. போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர்தான். ஜெராக்ஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கெட்டுப்போன சாசேஜ் தின்று செத்தவர்களை ஆராய்ந்து 1820களில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த அதே விஷம். 1989ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவக் கோடும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து 1992ல் அதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் அழகுக்காகப் போட அனுமதி வந்தது 2002ல்.

உள்ளே நடப்பதை மடைக் கணக்கில் சொன்னால் எங்கள் பக்கத்தில் சட்டென்று புரியும். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிந்தால்தான் தசை சுருங்கும். அதை வெளியே தள்ளும் ஸ்னாப்-25 என்ற புரதத்தை இந்த மருந்து வெட்டிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, மடை அடைபட்டிருக்கிறது, வயலுக்குப் பாயவில்லை. கொஞ்ச நாளில் நரம்பு பக்கவாட்டில் புதுத் துளிர் விட்டுத் தசையைத் தொடும், அறுத்த தாளில் மறுதாம்பு கிளம்புகிற மாதிரி. பிறகு பழைய நுனியும் உயிர் பெறும். சுருக்கம் திரும்புவது இப்படித்தான். அதனால் “வெயில்ல போனா மருந்து உருகிடும்”, “வேர்த்தா வெளியேறிடும்” என்ற பேச்சையெல்லாம் விட்டுத்தள்ளலாம்.

போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் வாக்கில் பிடிக்க ஆரம்பிக்கும். இரண்டு வாரத்தில் முழுசாகும். மூன்று, நான்கு மாதத்தில் விட்டுப்போகும். அதாவது ஒரு குறுவை. ஆடுதுறையில் உருவான ஏடிடி 43 நெல்லுக்கு 110 நாள். ஒரே வித்தியாசம், நெல்லுக்குக் கடைசி நாளில்தான் பலன். இதற்கு உச்சம் முதல் ஒன்றரை மாதத்தில், கடைசி மாதம் தேய்பிறை. எனவே “நாலு மாசம்” என்றால் நாலு மாதமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது.

சம்பா மாதிரி நீண்ட பயிரும் இருக்கிறது. டாக்ஸிஃபை என்ற மருந்துக்கு 2022ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புருவக் கோட்டுக்கான சோதனைகளில் அதன் பலன் நடுக்கணக்காக 24 வாரம் நின்றது. கேட்டதும் ஆசை வரும். ஆனால் முதல் தடவை போட்டுக்கொள்பவருக்கு நான் குறுவையைத்தான் சொல்வேன். புருவம் கனத்துத் தொங்கி, கண்ணாடியில் பார்க்கிற முகம் பிடிக்காமல் போனால் மாற்று மருந்து கிடையாது. காத்திருப்பதுதான் வழி. காத்திருக்கும் நாள் குறைவாக இருக்கட்டுமே. நம்மூரில் யாராவது “எங்க ஊசி ஆறு மாசம் கேரண்டி” என்றால் மருந்தின் பெயரைக் கேட்டு, குப்பியின் லேபிளைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

போடாக்ஸ், அதே வகை மருந்தான டிஸ்போர்ட், ஸியோமின் மூன்றுக்கும் நாள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டருக்குக் கை பழகியது எதுவோ அது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றல்ல. புருவ நடுவுக்குப் போடாக்ஸ் என்றால் 20 யூனிட், டிஸ்போர்ட் என்றால் 50. ஊருக்கு ஊர் மரக்கால் மாறின காலத்தில் நெல் அளந்த கதைதான். “அங்க 20, இங்க அதே காசுக்கு 50” என்று யாராவது கணக்குக் காட்டினால் மயங்க வேண்டாம்.

நானும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை இரண்டரை மாதம்கூட நிற்கவில்லை. ஒரு பெரிய ஊரில், ஆஃபர் என்று போட்டிருந்த கிளினிக். சிரிஞ்சில் ஏற்கெனவே ஏற்றிவைத்த மருந்தோடு உள்ளே வந்தார்கள். எத்தனை யூனிட் என்று கேட்டேன். “ஃபுல் டோஸ் மேடம்” என்றார்கள். தினமும் ஸ்டாக் புத்தகத்தில் பேட்ச் நம்பர் எழுதுகிறவள், அங்கே பேட்ச் நம்பர் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். எவ்வளவு போட்டார்கள், எப்போது கலக்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாம் தடவை தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டர். குப்பியை என் எதிரிலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தார். பார்த்தால் காலிக் குப்பி போலவே இருக்கும். அடியில் பொடி ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சலைன் ஏற்றிய ஊசியை மூடியில் குத்தியதும், அவர் பிஸ்டனை அழுத்தவே இல்லை, சலைன் தானாக உள்ளே இழுபட்டது. “வேக்குவம் இருக்கு, பாத்தீங்களா? இழுக்கலன்னா அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுடணும்” என்றார். பிறகு வெள்ளைப் பென்சிலால் புருவ நடுவிலும் மேலேயும் ஐந்து புள்ளி. ஒவ்வொன்றிலும் 4 யூனிட். கட்டெறும்பு கடித்தாற்போல ஐந்து கடி, ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். புரட்டாசியில் போட்டது தை பிறக்கும்வரை நின்றது. அதே நெற்றி, அதே வெயில்.

ஆகவே எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் அளவுக்கும் கைக்கும்தான் என்பது என் கட்சி. தண்ணீரைக் கூட்டிக் கலக்கி, ஒரு குப்பியைப் பல பேருக்குப் பங்கிட்டால் நாள் குறையும். அடுத்தது குளிர்ச்சி. பிரிக்காத போடாக்ஸ் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கலக்கிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது லேபிள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் இன்சுலினைக் காப்பாற்ற ஐஸ் பெட்டி தேடி அலைந்த மருந்துக் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும், டெல்டாவில் ஃப்ரிட்ஜ் இருப்பது வேறு, அது குளிர்ந்துகொண்டே இருப்பது வேறு. கிளினிக்கில் ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது, உங்கள் தசை. ஆண்களுக்குத் தசை பெரியது, கூடுதல் மருந்து வேண்டும். பெண்ணின் அளவை ஆணுக்குப் போட்டால் சீக்கிரம் விட்டுவிடும். வெயில் மருந்தை உருக்காது என்று சொன்னேன். ஆனால் வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தான் அந்தத் தசை பலக்கிறது, தோலில் கோடும் பதிகிறது. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும்போது வரப்பில் நின்று பாருங்கள், முகம் தானாகச் சுளிக்கும். ஒரு கருப்புக் கண்ணாடியும் தொப்பியும் செய்கிற வேலையை லேசாக எண்ண வேண்டாம். உடற்பயிற்சி அதிகம் செய்தால் சீக்கிரம் விடும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. அதற்காக யாரும் நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரை சாப்பிட்டால் நீடிக்கும் என்று ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அதை நம்பி மாத்திரை விற்க எனக்கு மனசு வரவில்லை.

சீக்கிரம் விட்டுப்போகிறதே என்று மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொள்வது பெரிய தப்பு. ஏற்றத்தாழ்வு தெரிந்தால் இரண்டு வாரத்தில் டாக்டர் செய்யும் சின்னத் திருத்தம் தவிர, இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். அடிக்கடி போட்டால் உடம்பு மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்க வாய்ப்பு கூடும். அழகுக்குப் போடும் சின்ன அளவில் இது அபூர்வம்தான், ஆனாலும் வந்துவிட்டால் அந்த மருந்து அப்புறம் பிடிக்காது.

போட்ட அன்றைக்கு நாலு மணி நேரம் படுக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது. நம் வீடுகளில் சிக்கல் இதில்தான். வெள்ளிக்கிழமை என்று நல்லெண்ணெயை உச்சியில் வைத்து நெற்றிவரை அழுத்தித் தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்கு நகரலாம். இமையைத் தூக்கும் தசைக்குப் போய்ச் சேர்ந்தால் கண் பாதி மூடினாற்போலத் தொங்கும். சரியாகச் சில வாரம் ஆகும். நலங்கு மஞ்சளுக்கும் இதே கதி. எண்ணெய்க் குளியலையும் நலங்கையும் ஊசிக்கு முந்தியோ, சில நாள் தள்ளியோ வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே. அவை இந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு ஊசி குத்திய இடம் கன்றிப்போகும். அதற்காக இதய மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வராதீர்கள். அழகு நிலையத்தில் போடுகிறார்களாமே, அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். 2024ல் அமெரிக்காவிலேயே போலி மருந்தும் பயிற்சி இல்லாத கையும் சேர்ந்து பல மாநிலங்களில் 20க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டது, சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமல்ல இது.

எல்லா முகத்துக்கும் இது தேவையா என்றும் யோசிக்க வேண்டும். தஞ்சாவூரில் நாட்டியப் பள்ளி நடத்தும் என் சித்தி மகளுக்கு என் வயதுதான், நெற்றிக் கோடு என்னைவிட அதிகம். கூட வா என்று கூப்பிட்டேன். “புருவம் ஏறலைன்னா நான் எப்படிடி யசோதையைக் காட்டுறது?” என்று கேட்டாள். அவள் சொல்வது நியாயம். அபிநயத்துக்குப் புருவம்தான் பாதி. அதே மாதிரி, வாயோரக் கோட்டுக்கு ஊசி போட நினைக்கும் நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். சீவாளியைப் பிடிக்கும் உதட்டில் கொஞ்சம் பலம் குறைந்தாலும் தொழில் போச்சு.

இனி மாற்று வழிகள். ஃபில்லர் என்பது வேறு பயிர். ஹயலூரானிக் அமிலம் என்ற ஜெல்லைத் தோலுக்கு அடியில் வைத்துப் பள்ளத்தை நிரப்புவது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்புக்குப் பொருந்தும், அங்கே சுமார் ஒரு வருஷம் நிற்கும். உதட்டில் அசைவு அதிகம், சீக்கிரம் கரையும். பிடிக்காவிட்டால் ஹயலூரானிடேஸ் போட்டுக் கரைத்துவிடலாம். இந்த வசதி போடாக்ஸில் இல்லை. நாள் கணக்கை மட்டும் பார்த்தால் ஃபில்லர்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் புருவ நடுவில் ஃபில்லர் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். அங்கே ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் குழாய்க்கும் தொடர்பு உண்டு. ஜெல் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனாலும் நடந்திருக்கிறது. லேசர், அமிலம் தடவித் தோலை உரிக்கும் பீல் என்று போனால் நம் நிறத் தோலில் கருந்தழும்பு விழும் அபாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ட்ரெட்டினாயின் க்ரீம் மெதுவான வழி. இரவில் பட்டாணி அளவு. முதல் சில வாரம் தோல் எரியும், உரியும். மெல்லிய கோடுகள் மங்க நாலு முதல் ஆறு மாதம் ஆகும். விட்டால் பலனும் மெல்லப் போய்விடும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கையை மருந்துக் கடைக்காரியாக நான் சொல்லியே ஆக வேண்டும். “முகத்துக்கு க்ரீம்” என்று காலி டியூபை நீட்டிக் கேட்பார்கள். பார்த்தால் ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கவைக்கும் மருந்தும் மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வெள்ளையானாள் என்று மாதக்கணக்கில் பூசியிருப்பார்கள். ஸ்டீராய்டு தோலை மெலியவைத்து ரத்த நரம்பு தெரியும்படி சிவக்கவைத்துவிடும். சுருக்கத்துக்கு மருந்து தேடிப் போய் முகத்தையே கெடுத்துக்கொண்டவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அந்த டியூப் வேறு, வெறும் ட்ரெட்டினாயின் வேறு.

சன்ஸ்க்ரீனைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் சுவாரசியம் இருக்காது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 900 பேருக்குமேல் வைத்து நாலரை வருஷம் நடத்திய ஆய்வு 2013ல் வெளிவந்தது. தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. ஊசி போடுகிறவருக்கும் போடாதவருக்கும் பொதுவான செலவு இது ஒன்றுதான்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். ஒரு யூனிட் 300 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். புருவ நடு மட்டும் 20 யூனிட், 6,000 ரூபாய். வருஷம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் குறைந்தது மூன்று தடவை, 18,000. நெற்றி 20, கண்ணோரம் 24 எல்லாம் சேர்த்தால் 64 யூனிட். ஒரு தடவைக்கு 19,200, வருஷத்துக்கு 57,600. பல தடவை போட்ட பிறகு சிலருக்குத் தசை பலம் குறைந்து இடைவெளி நீளும். அதை நம்பி இன்றைக்கே பட்ஜெட் போடக்கூடாது. வருஷா வருஷம் கொடுக்க முடியாதவர் மூன்று இடத்துக்கும் ஒரு தடவை போடுவதைவிட, ஒரே இடத்துக்குச் சரியான அளவில் போடுவது மேல்.

வலங்கைமான் அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது. முகூர்த்தம் தை 20. காலண்டரைப் புரட்டிப் பின்னாலிருந்து எண்ணினோம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். அப்போது ஒரு பக்கம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் டாக்டர் கொஞ்சம் சேர்த்துப் போடுவார். அது பிடிக்க இன்னும் இரண்டு வாரம். கன்றிப்போனால் ஆற ஒரு வாரம் கைவசம். ஆக மார்கழி நடுவில் போட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் போய்ப் படுத்துவிட்டு, போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை என்று வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். புருவ நடு மட்டும் போதும், ஃபில்லர் வேண்டாம், சன்ஸ்க்ரீன் இன்றிலிருந்தே, ட்ரெட்டினாயின் கல்யாணம் முடிந்து டாக்டரைக் கேட்டுக்கொண்டு என்று முடிவானது.

“அப்ப ஆடிப் பதினெட்டுக்கு? தாலி பிரிச்சுக் கோக்கப் பொண்ணும் மாப்பிள்ளையும் வருவாங்களே” என்றார்.

“சித்திரையிலயே போயிடும்க்கா. மறுபடி போட்டாத்தான்.”

“போவட்டும். அன்னிக்கு எல்லாரும் ஆத்துத் தண்ணியத்தான் பாப்பாங்க” என்று சிரித்துவிட்டு, சன்ஸ்க்ரீனில் சின்ன டியூப் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மார்கழியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. தஞ்சாவூர் கிளினிக் வாசலிலிருந்து பேசினார். வலித்ததா, எத்தனை யூனிட், எதையும் சொல்லவில்லை. “தானாவே உள்ள இழுத்துச்சும்மா, பக்கத்துல நின்னு பாத்தேன்” என்றார்.